உப்புக் காற்றில் பழைய கேமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் கடற்கரையிலிருந்தே வந்திருக்கின்றன. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு மாடல் இருந்தாலும் கோளாறின் வேர் ஒன்றுதான், உப்பும் ஈரமும். மதுரையில் ஒரு லென்ஸ் இருபது வருஷம் பெட்டிக்குள் தூங்கினாலும் பெரும்பாலும் சும்மா இருக்கும், இங்கே ஒரு ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலேயே கண்ணாடிக்குள் பூசணம் வேர் விட்டுவிடும். அதனால் எல்லாருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். வயதாகிச் செத்த கேமராவைவிட, அவசரப்பட்டுத் திறந்து செத்த கேமராதான் என் மேஜைக்கு அதிகம் வருகிறது.

அண்ணே, வாப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த யாஷிகா மேட் 124ஜி. 1/250, 1/500 எல்லாம் சரியாக அடிக்கிறது. ஒரு செகண்ட், அரை செகண்டில் வைத்தால் ஷட்டர் திறந்தபடியே நின்றுவிடுகிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும் என்கிறார் ஒருவர். விடலாமா?
(கீழக்கரை வாசகர்)

விடாதீர்கள் தம்பி. எண்ணெய் பாட்டிலை அந்த அறையிலேயே வைக்காதீர்கள்.

அந்தக் கேமராவில் இருப்பது கோபால் (Copal) எஸ்வி என்ற ஷட்டர். வெளிச்சத்துக்கு வழி திறந்து மூடும் அதன் இதழ்கள் மீன் செதில் மாதிரி மெல்லியவை, ஒன்றின்மேல் ஒன்று உலர்ந்த நிலையில் வழுக்கி ஓட வேண்டியவை. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிரித்துப் பாருங்கள், எப்படி ஒட்டிக்கொள்கிறது? இதழ்களுக்கு நடுவே எண்ணெய் போனாலும் அதேதான். கொடுமை என்னவென்றால், எண்ணெய் விட்ட அன்றைக்கு ஷட்டர் அருமையாக வேலை செய்யும். தொழில் பழகிய புதிதில் ஒரு ஸ்டுடியோக்காரரின் கேமராவுக்கு நானும் இப்படி விட்டேன். மறுநாள் கல்யாணத்தைக் குறையில்லாமல் எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து வந்தபோது இதழ் ஐந்தும் ஒரே தகடாக ஒட்டிக் கிடந்தது, நடுவில் கறுப்பு வளையமாகப் பிசின். அதைச் சுத்தம் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் அவருக்கு ஒரு முகூர்த்தம் கைவிட்டுப் போனது.

உங்கள் கேமராவில் வேகமான எண்கள் சரியாக அடிப்பதே பெரிய தடயம். ஷட்டருக்குள் மெதுவான வேகங்களுக்கென்றே குட்டிப் பல்சக்கரங்களின் வரிசை ஒன்று உண்டு. ஒரு செகண்டில் வைத்து அழுத்தினால் 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று ஓடுவது அதுதான். வேகம் கூடக் கூட அதன் வேலை குறைந்துகொண்டே போகும். ஆக, உங்களுக்கு இதழ்கள் நன்றாக இருக்கின்றன, பல்சக்கர வரிசையில்தான் பழைய கிரீஸ் காய்ந்து கிடக்கிறது. இதழில் எண்ணெய் ஏறியிருந்தால் எல்லா வேகமும் மந்தமாகியிருக்கும்.

முதல் வைத்தியம் திறக்காமலேயே செய்வது. ஒரு செகண்டில் வைத்து தினம் சாயங்காலம் நாற்பது, ஐம்பது தடவை அடியுங்கள். ஒரு வாரத்தில் பாதிப் பேருக்கு இதிலேயே உயிர் வந்துவிடும். அப்போது லென்ஸ் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்பை 'வி' எழுத்துக்குத் தள்ள வேண்டாம். அது செல்ஃப் டைமர், இந்த வயதில் பாதி வழியில் நின்றுகொண்டால் ஷட்டரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு வாரமாகியும் சரியாகவில்லை என்றால் முன்பக்கத்துத் தோலை மெல்ல உரித்து, திருகுகளைக் கழற்றி, முன் பலகையை எடுக்க வேண்டும். லென்ஸின் முன் கண்ணாடிக் கூட்டைக் கழற்ற விசேஷக் கருவி எதுவும் வேண்டாம். அந்த வளையத்துக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு பாட்டில் மூடி, அதன் விளிம்பில் சைக்கிள் ட்யூப் துண்டு. நேராக அழுத்தி இடது பக்கம் திருப்பினால் வந்துவிடும். இடுக்கியால் பிடித்தால் வளையத்தில் பல் பல்லாகத் தடம் விழும், அப்புறம் யார் பார்த்தாலும் இதைத் திறந்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். வேக வளையத்தை எடுப்பதற்கு முன் எந்த முள் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று போனில் மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல்சக்கரங்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் லைட்டர் ப்ளூயிட் இரண்டு சொட்டு, மெல்லிய தூரிகையால். அடியுங்கள். டிஷ்யூவின் முனையால் ஒற்றி எடுங்கள். முதல் டிஷ்யூ கடுங்காப்பி நிறத்தில் வரும், இரண்டாவது தேநீர் நிறம், ஐந்தாவது ஆறாவது வெள்ளையாக வரும்போது அந்த 'ஸ்ஸ்ர்ர்ர்' சத்தமும் தடங்கல் இல்லாமல் ஒரே சீராகக் கேட்கும். அந்தச் சத்தம்தான் சான்றிதழ். ப்ளூயிட் கீழே வழிந்து பின் கண்ணாடியில் கறை படியும் என்பதால், முடிந்தால் பின் கூட்டையும் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு எரியக் கூடாது. கடைசியில் சக்கர அச்சுகளுக்கு மட்டும் கைக்கடிகார எண்ணெய், அதுவும் குண்டூசி முனையில் ஒட்டும் அளவு. இதழ்களுக்கு ஒன்றுமே வேண்டாம்.

அண்ணன் தவறிய பிறகு அவருடைய பென்டாக்ஸ் கே1000 எட்டு வருஷமாகத் தோல் உறையோடு பீரோவில் இருந்தது. இப்போது லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது. வீசிவிட வேண்டியதுதானா?
(பாம்பன் வாசகி)

வேண்டாம் அம்மா. கே1000 முழுக்க மெக்கானிக்கல் கேமரா, 1976 முதல் இருபது வருஷத்துக்கு மேல் தயாரானது. பேட்டரி இல்லாமலேயே ஷட்டர் ஓடும், பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். உடம்பு நன்றாக இருந்தால் லென்ஸைக் காப்பாற்றிவிடலாம்.

இருட்டறையில் லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வேர் மாதிரி கிளை கிளையாக ஓடினால் பூசணம். மூடுபனி மாதிரி ஒரே சீராக மங்கியிருந்தால் அது கிரீஸின் ஆவி படிந்தது, அதைத் துடைத்தாலே போய்விடும். பூசணம் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்றுதான் வளர்கிறது. வளரும்போது அது கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும். சீக்கிரம் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும், தாமதமானால் துடைத்த பிறகும் வேரின் தடம் நிற்கும். அப்படி நின்றாலும் கவலை வேண்டாம், வெயிலை நேருக்கு நேர் வைத்து எடுக்கும் படங்களில்தான் அது தெரியும்.

துடைக்க மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். பஞ்சுக் குச்சியில் நனைத்து வட்டமாகத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். பல லென்ஸ்களில் பின்பக்கம் ஒட்டிய கண்ணாடி ஜோடி இருக்கும், அதை எதிலும் ஊறப்போடக் கூடாது, ஓரம் வழியாக ஈரம் இறங்கி ஒட்டு விட்டுவிடும். திருகுகளைப் பார்த்தால் சாதாரணக் கூட்டல் தலை போலத்தான் இருக்கும், ஆனால் ஜப்பான் கேமராக்களில் இருப்பது ஜேஐஎஸ் எனும் ஜப்பான் தரத்துத் தலை. நம் கடைத்தெருத் திருப்புளி அதில் முழுசாக உட்காராது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை ஒரு செட் வாங்கினால் ஆயுசுக்கும் உழைக்கும்.

இனி அந்தத் தோல் உறையில் மட்டும் போடாதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூசணத்துக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது. நாலு பக்கமும் ரப்பர் வாய் வைத்து இறுக மூடும் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், முடிந்தால் சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். 30க்குக் கீழே போவதும் நல்லதல்ல, கிரீஸ் காய்ந்துவிடும். நீல ஜெல் இளஞ்சிவப்பானாலும், ஆரஞ்சு ஜெல் பச்சையானாலும் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். ஆனால் சமையல் வாணலி வேண்டாம், நீல ஜெல்லில் கோபால்ட் உண்டு, அது விஷம். அரிசிக்குள் புதைத்து வைப்பவர்களும் உண்டு, அரிசித் தூசிதான் பூசணத்துக்குச் சாப்பாடு. அந்துருண்டையும் கூடாது.

எல்லாவற்றையும்விட, மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். அண்ணன் நின்று எடுத்த இடங்களில் நின்று எடுங்கள்.

வள்ளத்திலிருந்து கேமரா கடலில் விழுந்துவிட்டது, உடனே எடுத்துவிட்டேன். வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடுமா?
(மண்டபம் வாசகர்)

காயவைப்பதுதான் தப்பு. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே நிற்கும், நின்ற உப்பு மறுபடி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் வெள்ளைப் பொடியாகப் பூத்து அரிக்க ஆரம்பிக்கும். பேட்டரியைக் கழற்றுங்கள், லென்ஸைக் கழற்றுங்கள், நல்ல தண்ணீரில் முக்கி முக்கி எடுங்கள், கடைசி முக்கல் பேட்டரிக்கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில். அதே தண்ணீரோடு அன்றைக்கே ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோங்கள். மெக்கானிக்கல் கேமராவுக்கு வாய்ப்பு உண்டு. எலக்ட்ரானிக் ஷட்டர் என்றால் லென்ஸையாவது காப்பாற்றப் பாருங்கள். உள்ளே ஃபிலிம் இருந்தால் அதை மட்டும் காயவிடாதீர்கள், காய்ந்தால் சுருள் சுருளாக ஒட்டிக்கொள்ளும். இருட்டில் எடுத்து, நல்ல தண்ணீர் நிரம்பிய ஒளி புகாத டப்பாவில் போட்டு, ஈரத்தோடே டெவலப் செய்யக் கொடுங்கள்.

இன்னொன்று, விழுந்தது உள்ளேயே ஃப்ளாஷ் உள்ள கேமரா என்றால் நீங்களாகத் திறக்கவே வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் ஃப்ளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் நிற்கும்.

சூப்பர் டாக்குமார் 50 எம்எம், எஃப் 1.4. கண்ணாடி டீ நிறத்தில் மஞ்சளாக இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.
(ராமேஸ்வரம் வாசகர்)

போகாது, நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறார்கள், அதன் கதிர்வீச்சே வருஷக்கணக்கில் மஞ்சளாக்கிவிட்டது. படம் எடுப்பதால் பயம் ஒன்றும் இல்லை, உரசித் தேய்த்துத் தூளாக்காமல் இருந்தால் சரி. இதற்கு மருந்து புற ஊதா வெளிச்சம், அது நம் ஊரில் கேட்காமலேயே கிடைக்கிறது. பின்பக்க மூடியின் உள்ளே அலுமினியத் தாளை வைத்து மூடி, முன் கண்ணாடி வானத்தைப் பார்க்கும்படி வெயிலில் வையுங்கள். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் நிறம் இறங்கிவிடும். பின்மூடி இல்லாமல் வைத்தால் லென்ஸ் பூதக்கண்ணாடி வேலை செய்து ஓலைப்பாயைக் கொளுத்திவிடும், கவனம்.

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி கேட்கிறார்கள். எங்கும் கிடைக்கவில்லை.
(ராமநாதபுரம் வாசகர்)

பாதரசம் என்பதால் அவற்றை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 பேட்டரி 1.4 வோல்ட், கிட்டத்தட்ட அதேதான். சுற்றி ஒரு ரப்பர் வளையம் வைத்து இறுக்கிப் போடுங்கள், மேலே உள்ள காற்றுத் துளையை மூடிவிடாதீர்கள். சாதாரண 1.5 வோல்ட் போட்டால் பல கேமராக்களில் மீட்டர் தப்பாகக் காட்டும்.

ஹீலியோஸ் 44-2 லென்ஸின் ஃபோகஸ் ரிங் இறுகிக் கிடந்தது என்று கழற்றிக் கிரீஸ் போட்டேன். இப்போது பக்கத்தில் உள்ளது தெளிவாகத் தெரிகிறது, தூரத்தில் உள்ளது எதுவுமே தெளியவில்லை.
(தங்கச்சிமடம் வாசகர்)

கழற்றும்போது புரி எந்த இடத்தில் பிரிந்தது என்று கோடு போடாமல் விட்டிருப்பீர்கள். ஃபோகஸ் ரிங்குக்குள் இருக்கும் ஹெலிகாய்டு சாதாரண மூடிப் புரி இல்லை, அதற்குப் பல வாய்கள் உண்டு. எந்த வாயில் நுழைத்தாலும் ஏறும், ஆனால் ஒரே ஒரு வாயில் நுழைந்தால்தான் தூரம் தெளியும். மறுபடி கழற்றி ஒவ்வொரு வாயாக நுழைத்துப் பார்க்க வேண்டியதுதான். இந்தத் தடவை மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள்.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஜெனிட் கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின்மேல் மங்கலான செல்லோ டேப்பை இழுத்து ஒட்டுங்கள். ஷட்டரை 'பி'யில், அதாவது அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும் நிலையில், அழுத்திப் பிடித்தால் படம் அந்த டேப்பில் தலைகீழாக விழும். சாயங்கால வெயிலில் பாம்பன் கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள், இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் லென்ஸுக்கு அதுவே முடிவிலி. அபெர்ச்சர் முழுக்கத் திறந்து எஃப் 2ல் இருக்கட்டும். ரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது கோபுரத்தின் விளிம்பு கத்தி மாதிரி தெளிந்தால் புரி சரியான வாயில் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டால் நல்லது. லென்ஸைத் திருகி மாட்டும் எம்42 மவுண்டிலிருந்து ஃபிலிமுக்கு 45.46 மில்லிமீட்டர், அந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தவறினாலும் தூரம் மங்கும், அதனால் பொறுமையாகப் பாருங்கள்.

தாத்தா டூரிங் டாக்கீஸ் வைத்திருந்தவர். அவருடைய 16 எம்எம் புரொஜெக்டரும் எட்டு ரீல்களும் பரணில் கிடைத்தன. பிளக்கைச் செருகி ஓட்டிப் பார்க்கலாமா? பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.
(தொண்டி வாசகர்)

ஐயா, உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். 1905லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனதிலிருந்து தொடங்கிய தொழில் அது. கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த தலைமுறைக்குத்தான் அந்த மெஷின் சத்தத்தின் அருமை தெரியும். ஆசை நிறைவேறும். ஆனால் பிளக்கைத் தொட இன்னும் நாளிருக்கிறது.

முதலில் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 110 வோல்ட் மெஷினாக இருந்தால் நம் 230ல் செருகிய நொடியில் பல்ப் போகும், மோட்டாரும் போகலாம். டிரான்ஸ்பார்மர் தனியாக இருந்திருக்கும், பரணில் தேடுங்கள்.

அப்புறம் கையால் சுற்றுங்கள். பெரும்பாலான மெஷின்களில் பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கும். ஃபிலிம் போடாமல், லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிமைப் பிடித்து ஓடவிடும் கேட்டைத் திறந்து வைத்து, டார்ச் வெளிச்சத்தில் அந்தக் குமிழை ஒரு சுற்றுச் சுற்றினால் குட்டி நகம் ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும், கீழே இழுக்கும், உள்ளே போகும், மேலே ஏறும். அது உள்ளே போய் மேலே ஏறும் நேரத்தில் ஃபிலிம் அசையாமல் நிற்கும், நிற்கும்போதுதான் ஷட்டர் திறந்து திரையில் படம் விழும். செகண்டுக்கு 24 தடவை இது நடக்க வேண்டும். கையில் எங்காவது பிடிப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காய்ந்த கிரீஸாக இருக்கும், அல்லது பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கும். சில மாடல்களில் அந்தச் சக்கரம் சும்மா கிடந்தே விரிசல் விடும். அந்த நிலையில் மோட்டாரைப் போட்டால் பல் எல்லாம் உதிர்ந்துவிடும்.

ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். ஆல்கஹால் தொட்டுச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போடுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயராக இருந்தால் பழைய பேப்பர் கெப்பாசிட்டர்களை மாற்றாமல் கரண்ட் கொடுக்க வேண்டாம், உங்கள் ஊர் பழைய ரேடியோ மெக்கானிக்குக்கு இந்த வேலை தெரியும்.

ரீல் டப்பாவைத் திறந்தவுடன் மோந்து பாருங்கள். புளித்த காடி வாடை அடித்தால் அசிடேட் ஃபிலிம் அழிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், நம் ஈரத்தில் இது வேகமாக நடக்கும். அந்த ரீலை மற்ற ஏழிலிருந்தும் உடனே பிரித்து வையுங்கள், அந்த ஆவி மற்றதையும் கெடுக்கும். சுருங்கிய ஃபிலிமில் துளைகளின் இடைவெளி குறைந்திருக்கும், நகம் துளையில் விழாமல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட ரீலை ஓட்டவே வேண்டாம், ஸ்கேன் செய்யக் கொடுங்கள். நல்ல ரீலாக இருந்தாலும் முதல் ஓட்டத்துக்குத் தாத்தாவின் ரீல் வேண்டாம், உதவாத ஒரு துண்டு ஃபிலிமை ஓட்டிப் பாருங்கள். கேட்டுக்கு மேலேயும் கீழேயும் ஃபிலிமில் தளர்வாக வளையம் விடுவதை மறந்துவிடாதீர்கள். மேலே சக்கரம் நிற்காமல் ஓடுகிறது, நகம் நின்று நின்று இழுக்கிறது, இரண்டுக்கும் நடுவே அந்த வளையம்தான் சமாதானம் செய்கிறது.

ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் ஆக்ஃபா கிளிக் 3 கிடைத்தது. பின்னால் சிவப்பு ஜன்னலில் 8 என்று தெரிகிறது. உள்ளே ரோல் இருக்கிறது போல. கடையில் கொடுத்துக் கழுவலாமா?
(தேவிபட்டினம் வாசகி)

கதவைத் திறக்காதே அம்மா! கிளிக் 3 பரோடாவில் தயாரான கேமரா, 120 ரோலில் சதுரமாகப் 12 படம் எடுக்கும். 8 தெரிகிறது என்றால் ஏழெட்டுப் படம் ஏற்கெனவே எடுத்திருக்கிறார்கள். குமிழை மெல்ல மெல்லத் திருப்பி ரோலைக் கடைசி வரை சுற்றிவிடு. ஈரத்தில் தாள் ஒட்டியிருந்தால் குமிழ் கனக்கும், பலவந்தம் வேண்டாம், கேமராவோடு அப்படியே அனுப்பலாம். சுற்ற முடிந்தால் முழு இருட்டில் திறந்து, ரோல் பிரியாமல் பேப்பர் டேப் ஒட்டி, அலுமினியத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வை.

இப்போதைய கலர் லேப் மெஷினில் மட்டும் கொடுத்துவிடாதே. அந்த மெஷின் 38 டிகிரி சூட்டில் ஓடுகிறது. சி-22 என்ற பழைய முறையில் கழுவ வேண்டிய கலர் ஃபிலிமாக இருந்தால் அந்தச் சூட்டில் படப்பூச்சே கழன்று போகும், கறுப்பு வெள்ளையாக இருந்தால் அங்கே கழுவவே முடியாது. எதுவாக இருந்தாலும் கறுப்பு வெள்ளையாகக் கையால் கழுவுபவரிடம் கொடு. பழைய ரோல் என்று சொல்லிக் கொடுத்தால், மூட்டத்தைக் குறைக்கக் பென்சோட்ரையசோல் என்ற ரசாயனம் கொஞ்சம் கலந்து கழுவுவார். ஐம்பது வருஷ ரோலில் எட்டும் வரும் என்று சொல்ல மாட்டேன். வெளி ஓரத்துச் சுற்றுகள் பெரும்பாலும் புகைந்திருக்கும், நடுவில் இறுகி இருந்த படங்களுக்கு வாய்ப்பு அதிகம். படத்தில் யார் யார் இருப்பார்கள் என்று ஆச்சியை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள். கழுவி வந்ததும் முதல் பிரிண்ட் ஆச்சிக்கு, அடுத்தது நம் பத்திரிகைக்கு.